ட்ரக்வேர் மாளிகை: ஓக் தொட்டியில் புளிக்கும் ஏல்

ஸ்காட்லாந்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் விஸ்கி வடிக்கும் ஊர்களைத் தேடி வடக்கே போவார்கள். பீர் மேல் நாட்டம் உள்ளவரென்றால் நீங்கள் எடின்பரோவில் தெற்கே போகும் பஸ்ஸைப் பிடியுங்கள். சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, ட்வீட் ஆற்றின் பக்கமாக, இன்னர்லீதன் என்ற சிற்றூரை அடுத்து ட்ரக்வேர் மாளிகை இருக்கிறது. 1107ஆம் ஆண்டிலிருந்து வரலாறு உள்ள வீடு. ஸ்காட்லாந்தில் இன்றும் ஆள் குடியிருக்கும் வீடுகளில் இதுவே மிகப் பழையது என்கிறார்கள். வீட்டின் பக்கக் கட்டடம் ஒன்றில், வழிபாட்டுக் கூடத்துக்கு நேர் கீழே, ஏல் என்னும் பீர் வகையைக் காய்ச்சும் சின்னஞ்சிறு ப்ரூவரி ஒன்று இயங்குகிறது. எந்தப் பெரிய கம்பெனிக்கும் அது சொந்தமில்லை. வீட்டுக்காரர்களே நடத்துகிறார்கள்.

அங்கே போனதும் நேராகக் கடைக்குப் போய் பாட்டிலைத் திறந்துவிடாதீர்கள். ஏல் காய்ச்சும் கொப்பரையைப் பாருங்கள், வீட்டைச் சுற்றுங்கள், கடைசியில் குடியுங்கள். இந்த ஏல் கனமானது. முதலிலேயே குடித்தால் மற்ற எதுவும் மனதில் நிற்காது. தவிர, கிளாஸில் நீங்கள் உணரப்போகும் சுவையில் பாதிக்குக் காரணம் அந்தக் கொப்பரையும் தொட்டிகளும்தான்.

எப்போது, எப்படிப் போவது

மாளிகை வசந்த காலத்திலிருந்து அக்டோபர் வரைதான் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கும். குளிர்காலத்தில் போய் ஏமாற வேண்டாம். நாளையும் நேரத்தையும் மாளிகையின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ப்ரூவரியைச் சுற்றிக் காட்டி ஏல் சுவைக்கத் தரும் நிகழ்ச்சி வேண்டுமென்றால், அது அன்றைக்கு உண்டா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னர்லீதனுக்கு ரயில் கிடையாது. எடின்பரோவிலிருந்து பீபிள்ஸ் வழியாகக் கேலஷீல்ஸ் போகும் எக்ஸ்62 பஸ் இன்னர்லீதனில் நிற்கும். அங்கிருந்து மாளிகைக்கு இரண்டு, இரண்டரை கிலோமீட்டர். ஆற்றுப்பாலத்தைத் தாண்டி அரைமணி நேர நடை. ஜூலையிலும் மழை வரும், காற்று அடிக்கும். குடையை நம்பாமல் மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

காரில் போவதென்றால், ஓட்டுபவர் குடிக்கக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். 2014 டிசம்பரிலிருந்து ஸ்காட்லாந்தில் சட்டம் கடுமை: 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால்தான் உச்சவரம்பு. இங்கிலாந்தில் இது 80. லண்டனில் பழகிய கணக்கு இங்கே செல்லாது.

முதலில் கொப்பரை

பதினெட்டாம் நூற்றாண்டில் இதுபோன்ற பெரிய வீடுகளில் சமையலறைபோல ப்ரூவரியும் வீட்டின் ஓர் அங்கம். குடும்பத்துக்கும் பண்ணையாட்களுக்கும் வேண்டிய ஏலை அங்கேயே காய்ச்சிக்கொள்வார்கள். ட்ரக்வேரில் இருக்கும் செம்புக் கொப்பரை 1730களின் இறுதியில் பொருத்தப்பட்டது. சுமார் 200 கேலன், அதாவது ஏறக்குறைய 900 லிட்டர் பிடிக்கும். காலப்போக்கில் காய்ச்சுவது நின்றுபோய், அந்த அறை தட்டுமுட்டுச் சாமான் போடும் இடமாகிவிட்டது. யாரும் அதை இடிக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை.

வீட்டின் இருபதாவது தலைவரான பீட்டர் மாக்ஸ்வெல் ஸ்டூவர்ட், சாமான்களை ஒதுக்கிப் பார்த்தபோது கொப்பரையும் ஓக் தொட்டிகளும் கிளறும் மரத்துடுப்புகளும் அப்படியே கிடந்தன. 1965இல் மறுபடியும் அடுப்பை மூட்டினார். பிரிட்டனில் பெரிய ப்ரூவரிகள் சிறியவற்றை வாங்கி மூடிக்கொண்டிருந்த காலம் அது. ‘கிராஃப்ட் பீர்’ அலை எழுவதற்கு வெகுகாலம் முன்பே ஒரு வீட்டுக்காரர் தன் பழைய கொப்பரையை வைத்துத் தொழில் தொடங்கினார் என்பதுதான் இந்த இடத்தின் சிறப்பு. 1990இல் அவர் காலமான பிறகு மகள் கேத்தரின் பொறுப்பேற்றார். தேவை பெருகியதால் புதிய கலன்களும் சேர்ந்தன.

இங்கே கண்ணை வைக்க வேண்டியது ஓக் தொட்டிகளில். முளைகட்டிக் காயவைத்த பார்லியை (மால்ட்) உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புச் சாறு எடுக்கிறார்கள். அதை ஹாப்ஸ் பூக்களோடு கொதிக்கவைத்து ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவிடுகிறார்கள். இவ்வளவும் எல்லா ப்ரூவரியிலும் நடப்பதுதான். மற்ற இடங்களில் பெரும்பாலும் புளிப்பது ஸ்டீல் தொட்டியில், இங்கே மரத்தொட்டியில். தயாராகும் அத்தனை ஏலும் ஓக்கில்தான் புளிக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். மரத்தைக் கழுவிச் சுத்தமாக வைத்திருப்பது பெரும்பாடு. ஸ்டீலுக்கு மாறினால் வேலை மிச்சம்தான், ஆனால் அவர்கள் மாறவில்லை. தொட்டியின் அருகே நின்று ஒருமுறை மூச்சை இழுத்துவிடுங்கள். அந்த ஈர மரவாசம் பின்னால் கிளாஸில் மெலிதாக எட்டிப்பார்க்கும்.

பிறகு வீடு

வீட்டுக்குள் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஸ்காட்லாந்து ராணி மேரி 1566இல் இங்கே வந்து தங்கியிருக்கிறார். தன் கைக்குழந்தையான இளவரசரைத் தாலாட்டியதாகச் சொல்லப்படும் தொட்டில் பார்வைக்கு இருக்கிறது. குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். அந்த வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த நாட்களில் பாதிரியார் மேல்மாடி அறையில் ஒளிந்து பூசை நடத்துவார். சோதனைக்கு ஆள் வந்தால் மறைவான படிக்கட்டு வழியாக நழுவிவிடுவார். அந்தப் படிக்கட்டையும் பார்க்கலாம்.

வெளியே வந்தால், நீண்ட புல்வெளிப் பாதையின் மறுமுனையில் கல் கரடிகள் காவல் நிற்கும் பெரிய வாசல் தெரியும். நாடிழந்த ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸ் எட்வர்ட் 1745இல் ஆட்சியைப் பிடிக்கப் படை திரட்டி வந்தார். அவர் இந்த வாசல் வழியே வெளியேறியதும் வீட்டுத் தலைவர் கதவைச் சாத்தி, ஸ்டூவர்ட் ஒருவர் மறுபடி முடிசூடும்வரை திறக்க மாட்டேன் என்று சபதம் செய்தாராம். இளவரசர் அடுத்த ஆண்டே கல்லோடன் போரில் தோற்றார். கதவு இன்றுவரை சாத்தியே கிடக்கிறது. எல்லோரும் பக்கத்துப் பாதையில்தான் போய்வருகிறார்கள். ஸ்டூவர்ட்களின் ஆதரவாளர்களுக்கு ஜாகபைட்கள் என்று பெயர். நீங்கள் குடிக்கப்போகும் ஓர் ஏலின் லேபிளில் இந்தப் பெயரைப் பார்ப்பீர்கள்.

சுவைக்கும் முறை

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பீர் ஏறக்குறைய எல்லாமே லாகர். குளிர்ச்சியில் மெதுவாகப் புளித்தது; பல் கூசக் குடித்தால்தான் நன்றாக இருக்கும். ஏல் அதைவிட வெதுவெதுப்பில் புளிக்கிறது. பழவாசம் அந்தச் சூட்டில்தான் பிறக்கிறது. அதனால் ஏலை ஐஸ் போலக் குளிரவைத்தால் வாசம் அடங்கிவிடும். 12, 13 டிகிரி போதும். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்துக் கொடுத்தால் கிளாஸை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பொறுங்கள். வாய் குறுகிய ஒயின் கிளாஸ் கேட்டு வாங்குங்கள்; பாதிக்கு மேல் ஊற்ற வேண்டாம்.

லேசானதிலிருந்து கனத்துக்குப் போங்கள். பேர் ஏல் கிடைத்தால் அதில் தொடங்கலாம், 5 சதவீதம். அடுத்து ஹவுஸ் ஏல், 7.2 சதவீதம். விளக்குக்கு நேரே பிடித்தால் கருஞ்சிவப்பாகத் தெரியும். முதல் மிடறில் மால்ட்டின் இனிப்பு, பிறகு உலர்திராட்சை, அடியில் கருப்பட்டிப் பாகு கொஞ்சம் முறுகினாற்போல ஒரு கசப்பு. ஹாப்ஸ் பின்னாலேயே நின்றுவிடும். ‘வீ ஹெவி’ என்று ஸ்காட்லாந்தில் பேர்பெற்ற கனத்த ஏல் வகைக்கு இது நல்ல உதாரணம்.

கடைசியாக ஜாகபைட் ஏல், 8 சதவீதம். 1745 எழுச்சியின் 250ஆம் ஆண்டை ஒட்டி 1995இல் காய்ச்சியது. இதில் கொத்தமல்லி விதை சேர்க்கிறார்கள். தனியா என்றதும் நம் மூக்கு குழம்பு வாசத்துக்குத் தயாராகிவிடும், ஆனால் இங்கே வருவது அதுவல்ல. நாம் அறிந்தது வறுத்த மல்லியின் மணம். வறுக்காத விதையை நசுக்கி முகர்ந்தால் ஆரஞ்சுத் தோல் போல ஒரு வாசம் வரும். ஏலில் இருப்பது அதுதான். விழுங்கிய பிறகு இரண்டு நொடி காத்திருங்கள், அப்போதுதான் தலைகாட்டும்.

ஒவ்வொன்றுக்கும் நடுவே தண்ணீர் குடியுங்கள். ரொட்டியும் செடர் சீஸும் நல்ல துணை. காரமான தீனி வேண்டாம், நாக்கு மரத்துவிடும். சைவம் சாப்பிடுபவர்கள் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் சில ஏல்களைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஐசிங்கிளாஸ் என்ற பொருளைச் சேர்ப்பதுண்டு. ‘வீகன்தானா?’ என்று கடையில் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள்.

அளவு தெரிந்து குடியுங்கள்

பிரிட்டனில் 10 மில்லிலிட்டர் சுத்த ஆல்கஹால் ஒரு யூனிட். ஜாகபைட் 330 மில்லிலிட்டர் பாட்டில் ஒன்றில் 2.6 யூனிட் இருக்கிறது. வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்பது அங்குள்ள மருத்துவ ஆலோசனை. ஒருவர் ஒரு பாட்டில் என்று போகாமல், மூன்று பேர் சேர்ந்து ஒவ்வொரு ரகத்திலும் ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொண்டால் எல்லாவற்றையும் ருசித்துவிடலாம். தள்ளாடாமல் பஸ்ஸும் பிடிக்கலாம். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். 25க்குக் கீழே தோற்றமளித்தால் சான்று கேட்பார்கள்; பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்திருங்கள். குடிக்காதவர்களும் குழந்தைகளும் உடன் வந்தால் மாளிகைத் தோட்டத்தில் பெரிய வேலிப்புதிர்ப் பாதை இருக்கிறது. திரும்பும் வழியில் இன்னர்லீதன் கடைத்தெருவில் ராபர்ட் ஸ்மெயில் அச்சகத்தையும் பார்க்கலாம். ஈய எழுத்து கோக்கும் பழைய அச்சுக்கூடம் இன்றும் இயங்குகிறது.

ஊருக்கு வாங்கி வர

கனத்த ஏல் எளிதில் கெடாது. இருட்டான, சூடில்லாத இடத்தில் நிறுத்தி வைத்தால் சில ஆண்டுகள் தாங்கும். மாளிகைக் கடையிலேயே வாங்குங்கள். ஸ்காட்லாந்தில் கடைகளில் காலை 10 மணிக்கு முன்னும் இரவு 10 மணிக்குப் பின்னும் மது விற்க மாட்டார்கள் என்பதால், விமானத்துக்குக் கிளம்பும் விடிகாலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இந்தியாவுக்குள் சுங்கவரி இல்லாமல் ஒருவர் கொண்டுவரக்கூடிய மது மொத்தம் 2 லிட்டர். 330 மில்லிலிட்டர் பாட்டில் ஆறு வாங்கினால் 1,980 மில்லிலிட்டர். கணக்கு சரியாக முடிகிறது. ஹவுஸ் ஏல் மூன்று, ஜாகபைட் மூன்று வாங்கி, ஒவ்வொன்றையும் ஸ்வெட்டரில் சுற்றி, செக்-இன் பெட்டியின் நடுவில் வையுங்கள்.