சரக்கறிவுப் பாடம்: பாரீசின் தங்க முலாம் கடிகாரம்

மளிகைக் கடைக்காரருக்குக் கடிகாரப் பாடம் எதற்கு என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். கையால் எதையும் செய்யாத வணிகர்கள் உருவாக்கிய சரக்கு இது என்பதே பதில்.

குளிர்நாட்டு வீடுகளில் அறையைச் சூடாக்கக் கணப்பு அடுப்பு உண்டு. அதன் மேல் ஒரு பளிங்குப் பலகை. அதற்கும் மேலே சுவரில் பெரிய நிலைக்கண்ணாடி. பலகையின் நடுவில் கடிகாரம் வைப்பார்கள். அதன் இரு பக்கமும் பல கிளைகள் கொண்ட மெழுகுவர்த்தித் தண்டுகள் நிற்கும். மூன்றும் வெண்கலத்தில் வார்த்துத் தங்க முலாம் பூசியவை. ஒரே வேலைப்பாடு உடையவை. மெழுகுவர்த்தி ஏற்றினால் பின்னாலுள்ள கண்ணாடி வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் இந்த மூன்றையும் ஒரு ஜோடனையாகச் சேர்த்து விற்பது பெரு வழக்கமாயிற்று. கடிகாரம் கேட்டு வந்தவர் தண்டுகளையும் சேர்த்தே வாங்கிப் போனார்.

அதற்கு முந்திய நூற்றாண்டில் பாரீசில் ஒவ்வொரு தொழிலுக்கும் தனிச் சங்கம் இருந்தது. வார்ப்பவர், முலாம் பூசுபவர், கடிகாரம் செய்பவர் என ஒருவர் வேலையில் மற்றவர் தலையிட முடியாது. 'மெர்சியே' எனப்பட்ட வணிகர்களுக்கோ எதையும் உற்பத்தி செய்ய உரிமையில்லை; விற்கவும் அழகுபடுத்தவும் மட்டுமே உரிமை. ஆனால் வாடிக்கையாளரின் ரசனையை அறிந்தவர்கள் அவர்களே. அவர்கள் ஒருவரிடம் வார்ப்பு, இன்னொருவரிடம் இயந்திரம், வேறொருவரிடம் முலாம் என்று ஆர்டர் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே பொருளாக்கிக் கடையில் வைத்தார்கள். லாசார் துவோ என்ற வணிகர் 1748 முதல் 1758 வரை எழுதிய தினக்கணக்கு இன்றும் இருக்கிறது; 1873ல் அது அச்சாகியது. யாருக்கு என்ன சரக்கு, என்ன விலை என்று அதில் நாள்வாரியாகப் பதிந்திருக்கிறது. பழுது பார்த்த கூலிகூட விடுபடவில்லை. அவருடைய பெரிய வாடிக்கையாளர்களில் ஒருவர் மன்னர் 15ஆம் லூயிக்கு நெருங்கியவரான பொம்பதூர் சீமாட்டி. கணக்குப் புத்தகத்தை அலட்சியமாக எண்ணும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அக்காலக் கடைச்சரக்கைப் பற்றி அறிஞர்கள் இன்று அறிந்ததில் பெரும்பங்கு இந்த ஒரு பேரேட்டிலிருந்து வந்தது.

இனி முலாம். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துக் களிம்பாக்கி, வெண்கலத்தின் மேல் தடவி நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போய்விடும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். பின்பு சில இடங்களை மெருகுக்கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கி, மற்ற இடங்களை மங்கலாகவே விட்டுவிடுவார்கள். அழகு அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளிக்குக் கை நடுக்கம் கண்டது, பற்கள் ஆடின, ஆயுள் குறைந்தது. விலைச்சீட்டில் இந்தச் செலவு ஏறவில்லை.

ஏற்றியவர் ஒருவர் உண்டு. அந்துவான் ஆந்த்ரே ரவ்ரியோ, நெப்போலியனின் அரண்மனைகளுக்கு வெண்கலச் சரக்கு கொடுத்தவர்; பாட்டும் எழுதுவாராம். அவர் 1814ல் காலமானார். முலாம் தொழிலாளிகளைப் பாதரசத்திலிருந்து காக்க வழி கண்டுபிடிப்பவருக்கு 3000 பிராங்க் பரிசு என்று உயிலில் எழுதி வைத்திருந்தார். தார்சே என்ற ரசாயன அறிஞர் அதைப் பெற்றார். உலையின் புகைபோக்கிக்குள் தனியாக ஒரு சிறு நெருப்பு மூட்டினால் சூடான காற்று மேலே ஏறும். அது நச்சு ஆவியையும் இழுத்துக்கொண்டு போகும். 1818ல் வெளியான அவருடைய நூல் இந்த அமைப்பை விளக்குகிறது. இயந்திரமோ மருந்தோ இல்லை, ஒழுங்கான புகைபோக்கி அவ்வளவுதான்!

1840களில் மின்சார முலாம் வந்தது. தங்கம் மெலிந்தது, விலை இறங்கியது. வெண்கலத்துக்குப் பதில் துத்தநாகக் கலவையில் வார்த்தவையும் சந்தைக்கு வந்தன. ஆகவே பழைய ஜோடனை என்று யாராவது கொண்டுவந்தால் முதலில் தலைகீழாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடிப்பக்கத்தில் முலாம் இல்லாத இடத்தை லேசாகச் சுரண்டினால் வெண்கலம் மஞ்சளாகத் தெரியும், துத்தநாகம் சாம்பல் வெள்ளையாகத் தெரியும். தட்டினால் வெண்கலம் கணீரென்று ஒலிக்கும். மற்றது மந்தமாக ஒலிக்கும்.

19ஆம் நூற்றாண்டுச் சரக்கானால் முகப்பில் எழுதிய பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். பெரும்பாலும் அது விற்ற கடையின் பெயர். இயந்திரம் செய்தவரின் முத்திரை பின்தகட்டில் இருக்கும். அப்படிப் பல கடைகளுக்கு இயந்திரம் அனுப்பியவர்களில் ஷாப்பி சகோதரர்கள் பெரியவர்கள். இரண்டு தண்டுகளையும் கடிகாரத்தின் பக்கத்தில் வைத்து, இலை, பூ, பீடத்தின் வேலைப்பாடு ஒத்திருக்கிறதா என்று பார்க்கவும். வேறு வேறு இடத்தில் வாங்கிச் சேர்த்தவையும் ஜோடனை என்றே விலைக்கு வரும். மின்விளக்குக்காகத் தண்டில் துளை போட்டிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஊசல், சாவி, மணி மூன்றும் இருக்கின்றனவா என்று எண்ணிக்கொள்ளவும். வாங்கிய பின் பித்தளைப் பாலிஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது. மெல்லிய தங்கம் அந்தத் துணியோடு போய்விடும், பிறகு எத்தனை தேய்த்தாலும் திரும்பாது.