அப்பா, அத்தை, சித்தப்பா... அடுத்தது நானா?

வாரத்தில் ஐந்து நாள் விழுப்புரம், வெள்ளியும் சனியும் திண்டிவனம் என்பது என் வைத்தியக் கணக்கு. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் திண்டிவனத்தில் அண்ணனும் தங்கையுமாக இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். இருவருக்கும் நாற்பதைத் தாண்டிய வயது. முகத்தில் களை குறையவில்லை. பசி, தூக்கம், கழிவு எல்லாம் ஒழுங்கு. "அப்புறம் எதுக்கும்மா வந்தீங்க?" என்று கேட்டேன்.

"எங்க அப்பா கணையப் புத்துநோயில போனாரு ஐயா. அப்புறம் அத்தை. இப்போ சித்தப்பாவுக்கும் அதுதான்னு சொல்லிட்டாங்க. அடுத்தது எங்கள்ல யாரு? நாடி பிடிச்சுச் சொல்லுங்க!"

நான் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். நாடி பார்ப்பது என் தொழில். ஆனாலும் பிறக்கும்போதே உடம்பில் எழுதிவிட்ட ஒரு மரபணுப் பிழையை நாடியில் படிக்க முடியாது. படித்துச் சொல்கிறேன் என்று யாராவது சொன்னால், பணப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வரச் சொன்னேன். அந்த நோட்டு எதற்கு என்பதைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

இரைப்பைக்குப் பின்னால், முதுகுத்தண்டை ஒட்டினாற்போல், சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்தில் படுத்திருக்கிறது கணையம். சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நீரையும், சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினையும் சுரப்பது இதுதான். உள்ளே ஒளிந்திருப்பதால் அதில் கட்டி வந்தாலும் கைக்குத் தட்டுப்படாது. வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். இது நம் நாட்டில் அபூர்வமான நோய். வந்தவர்களிலும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான் பரம்பரைத் தொடர்பு இருக்கிறது. குடும்பத்தில் ஒரே ஒருவருக்கு முதிர்ந்த வயதில் வந்தது என்றால் வீடே கலங்க வேண்டியதில்லை.

ஒரே ரத்தத்தில் இரண்டு மூன்று பேர் என்றால் கதை வேறு. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1994 முதல் இப்படிப்பட்ட குடும்பங்களைப் பதிவு செய்து கவனித்து வருகிறது. அவர்கள் 2004-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். பெற்றோர், கூடப்பிறந்தவர், பிள்ளைகள் என்ற நெருங்கிய வட்டத்தில் ஒருவருக்கு வந்திருந்தால் மற்றவர்களுக்கு ஆபத்து நாலரை மடங்கு. இரண்டு பேர் என்றால் ஆறு மடங்குக்கு மேல். மூன்று பேர் என்றால் 32 மடங்கு!

உலகம் அறிந்த உதாரணம் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டர். அவருடைய அப்பா 1953-லும், தங்கை ரூத் 1983-லும், தம்பி பில்லி 1988-லும், இன்னொரு தங்கை குளோரியா 1990-லும் கணையப் புற்றுநோயில் இறந்தார்கள். கூடப்பிறந்த மூவரும் போய்விட, கார்ட்டர் மட்டும் 100 வயது வாழ்ந்து 2024 டிசம்பரில் காலமானார். அவர்கள் எல்லோரும் புகை பிடித்தார்கள், நான் பிடித்ததில்லை என்பது அவரே சொன்ன வித்தியாசம். அது ஒன்றுதான் காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் புகையிலை இந்த நோயின் வாய்ப்பை இரண்டு மடங்காக்குகிறது. பரம்பரை உள்ள குடும்பத்தில் நோயை ஏறக்குறைய பத்து வருஷம் முன்னதாகவே இழுத்து வருகிறது. திண்டிவனத்து அண்ணன் சட்டைப் பையில் சிகரெட் பெட்டி இருந்தது. பேச்சோடு பேச்சாக அதை எடுத்து என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். திரும்பக் கேட்கவில்லை.

நோட்டில் என்ன எழுதுவது?

அப்பா வழி ஒரு பக்கம், அம்மா வழி ஒரு பக்கம். மூன்று தலைமுறை. யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் புற்றுநோய் வந்தது, புகைப் பழக்கம் உண்டா என்று எழுத வேண்டும். கேட்க எளிது, எழுத உட்கார்ந்தால்தான் கஷ்டம் தெரியும். நம் வீடுகளில் 'வயித்துக் கட்டி', 'காமாலையில் போனார்' என்பதோடு சரி. பழைய மருத்துவமனைச் சீட்டு எங்காவது டிரங்குப் பெட்டியில் இருந்தால் தேடி எடுங்கள்.

நம் உறவுமுறைச் சொற்களும் இங்கே குழப்பும். பெரியம்மா என்றால் அம்மாவின் அக்காவும் உண்டு, பெரியப்பாவின் மனைவியும் உண்டு. முதலாமவர் ரத்தம், இரண்டாமவர் அல்ல. மாமா என்ற ஒரு சொல்லில் தாய்மாமனும் அடக்கம், அத்தை புருஷனும் அடக்கம், மாமனாரும் அடக்கம். அக்காள் மகளைக் கட்டிய வீட்டிலோ இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். அதனால் உறவுப் பெயரை மட்டும் எழுதாமல், யார் வயிற்றில் யார் பிறந்தார் என்று கோடு போட்டே காட்டுங்கள்.

தங்கை எழுதிக்கொண்டே வரும்போது, "அப்பாவோட பெரிய அக்காவுக்கு மார்புல கட்டி வந்து ஆபரேஷன் பண்ணினாங்க, அது வேற நோய்தானே ஐயா?" என்றார். வேறு நோய் இல்லை என்று சொல்ல முடியாது! பி.ஆர்.சி.ஏ.-2 என்ற மரபணுவில் பிழை இருந்தால் ஒரே குடும்பத்தில் ஒருத்திக்கு மார்பிலும், ஒருத்திக்குச் சினைப்பையிலும், ஓர் ஆணுக்குக் கணையத்திலும் வரலாம். ஏ.டி.எம்., பால்பி-2 போன்ற வேறு சில மரபணுக்களும் இப்படிச் செய்யும். சிறு வயதிலேயே உதட்டிலும் வாய்க்குள்ளும் கரும்புள்ளிகள் தோன்றி, குடலில் சதை வளரும் பரம்பரை நோய் ஒன்றும் இந்த வகையே.

இந்தப் பிழை பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகன், மகள் வித்தியாசம் இல்லை. மகளுக்கு அப்பா வழியாகவும் வரும். வராத பிள்ளையின் சந்ததிக்கு அந்தப் பிழை அதன் பிறகு தொடராது. பிழை இருந்தாலும் நோய் வந்தே தீரும் என்பதும் இல்லை. சொந்தத்தில் கல்யாணம் பேசுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மாப்பிள்ளை, பெண் இருவருமே ஒரே மரபணுவில் பிழை உள்ளவர்களானால் குழந்தைக்கு அபூர்வமான, கடுமையான ரத்த நோயோ நரம்பு நோயோ வர இடம் உண்டு.

பரிசோதனை ரத்தத்திலோ உமிழ்நீரிலோ செய்வது. முதலில் செய்ய வேண்டியது நோய் வந்தவருக்கு. இவர்கள் வீட்டில் அது சித்தப்பா. அவர் இருக்கும்போதே எடுத்தால்தான் எந்தப் பிழையைத் தேடுவது என்று மற்றவர்களுக்குத் தெரியும். "படுத்திருக்கிறவரிடம் எப்படிக் கேட்பது?" என்று தங்கை அழுதுவிட்டார். சித்தப்பாவிடம் கேட்டபோது அவர் மறுநாளே கையை நீட்டினாராம். ஒன்றும் தென்படவில்லை என்று முடிவு வந்தாலும், மூன்று பேருக்கு வந்த குடும்பம் கவனிப்பை விடக்கூடாது.

கவனிப்பு என்றால் பொதுவாக 50 வயதில், அல்லது குடும்பத்தில் மிக இளவயதில் நோய் வந்தவரின் வயதுக்குப் பத்து வருஷம் முன்பு, இரண்டில் எது முந்தியதோ அப்போது தொடங்க வேண்டும். சில மரபணுப் பிழைகளுக்கு 40-லேயே. வருஷம் ஒரு முறை எம்.ஆர்.ஐ., அல்லது எண்டோஸ்கோப்பி வழியே உள்ளே விட்டுப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட். வயிற்றின் மேலே வைத்துப் பார்க்கும் சாதாரண ஸ்கேனில் குடல் காற்று கணையத்தை மறைத்துவிடும். அதை நம்பி நிம்மதியாக இருக்காதீர்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் 1960-களில் விவரித்த, இளவயதிலேயே கணையத்தில் கல் விழுந்து சர்க்கரை நோயும் சேரும் வியாதி, தமிழ்நாட்டிலும் உண்டு. மரவள்ளிக் கிழங்கின் மேல் வெகுகாலம் பழி போட்டார்கள், அது நிரூபணமாகவில்லை. 'ஸ்பிங்க்-1' என்ற மரபணு மாற்றம் பல நோயாளிகளிடம் இருப்பது பிறகு தெரிந்தது. இவர்களுக்குக் கணையப் புற்று வர ஏறக்குறைய 100 மடங்கு வாய்ப்பு என்று சென்னை நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 1994-ல் வெளியானது. வீட்டில் யாருக்காவது 'கணையக் கல்' என்று சொல்லியிருந்தால் அதுவும் நோட்டில் ஏறட்டும்.

இனி என் தவறு ஒன்று. பல வருஷம் முன்பு விழுப்புரத்தில் அறுபது வயதுக்காரர் ஒருவர் கண் மஞ்சளோடு வந்தார். வலி இல்லை. காமாலைதானே என்று கீழாநெல்லி கொடுத்தேன். மூன்று வாரம் போயிற்று. உடம்பெல்லாம் அரிப்பு, மலம் வெளுத்தது, எடை இறங்கியது. அதன் பிறகுதான் அனுப்பினேன். கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி, பித்தக் குழாயை அடைத்திருந்தது. அந்த மூன்று வாரம் அவருடையது, நான் எடுத்துக்கொண்டேன். இன்று ஐம்பது தாண்டியவர் வலியில்லாத மஞ்சளோடு வந்தால் மூலிகை எடுக்குமுன் ஸ்கேனுக்கு எழுதுகிறேன். அதே வயதில் புதிதாகச் சர்க்கரை வந்து, கூடவே காரணமின்றி எடை குறைந்தாலும் அப்படியே. பரம்பரை உள்ள வீட்டில் இவற்றுக்கு ஒரு நாள்கூடத் தாமதம் வேண்டாம்.

திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி போகிற பஸ் கோரிமேட்டில் ஜிப்மர் வாசலிலேயே நிற்கும். வேலூர் சி.எம்.சி.யில் மரபியல் பிரிவு இருக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கியது. எங்கே போனாலும் நோட்டைக் கையோடு கொண்டு போங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்விக்கு அதில்தான் பதில் இருக்கும்.