ஏரிகளில் ஜிலேபிக் கெண்டை

பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் ஏரிகளில் தூண்டிலிடுவோர்க்கு எளிதில் அகப்படுவது ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இம்மீன் 1952-ஆம் வருஷத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

பெண் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயில் வைத்துக் காப்பதால் சேதம் குறைவு. சில மாதங்களிலேயே பருவமடைந்து, வருஷத்தில் பல தடவை இனம் பெருக்கும். கூட்டம் மிகுந்தால் இரை போதாமல் மீன்கள் சிறுத்துப்போம். எண்ணிக்கை ஏறினும் எடை ஏறாது. மற்றைக் கெண்டைகளின் இரையும் குறையும். ஆதலின் ஏரி மீன் குத்தகைக்கு நஷ்டமே. அமராவதி நீர்த்தேக்கத்தில் பிடிபடும் மீன்களில் இது முதன்மையாகிவிட்டது.

விரால் இக்குஞ்சுகளைத் தின்னும். எனவே விரால் பிடிப்போர் இவற்றை உயிரிரையாய்த் தூண்டிலிற் கோப்பதுண்டு. மிஞ்சியவற்றை வேறு ஏரியில் விடலாகாது. இணை ஒன்றே ஏரி நிறையப் போதும். கோடையில் நீர் வற்றிய குழிகளில் தங்குபவற்றை அறவே பிடித்தெடுத்து, மழைக்குப்பின் விரால், கட்லா, ரோகுக் குஞ்சுகளை விடும்படி கிராம அதிகாரிகள் குத்தகைதாரர்களைத் தூண்டுதல் நலம்.