பூனாச்சியின் காதில் ஓர் எண்

கேள்வி: பிளஸ் ஒன் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். கொடுங்கோல் அரசின் கீழ் மக்கள் வாழும் கற்பனை உலகத்தைச் சொல்லும் நாவல் ஒன்றைப் படிக்கவைத்து, அதன் மையக்கருத்தை எழுதச் சொன்னேன். ‘அடக்குமுறை கூடாது’, ‘சுதந்திரம் வேண்டும்’ என்று எல்லாத் தாளிலும் ஒரே வரி. இவர்களை ஆழமாகப் பார்க்கப் பழக்குவது எப்படி?
— தமிழாசிரியை, ஜேடர்பாளையம்

பதில்: “மையக்கருத்து என்ன?” என்று கேட்டால், பரீட்சைக்குப் பழகிய பிள்ளைகள் நீதிபோதனையைத்தான் தேடுவார்கள். கேள்வியை மாற்றிப் பாருங்கள். இந்த அரசு எதையெல்லாம் எண்ணி வைக்கிறது? யாரைக் காத்திருக்க வைக்கிறது? யார் வாயை யார் அடைக்கிறார்கள்? இவற்றுக்குப் பக்கத்தைப் புரட்டாமல் பதில் எழுத முடியாது.

நாவலுக்கு வெகுதூரம் போக வேண்டாம். உங்கள் மாவட்டத்துக்காரர் பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ (2016) இருக்கிறது. கிழவி ஒருத்தி கறுப்பு வெள்ளாட்டுக் குட்டியைத் தூக்கிக்கொண்டு, காது குத்தி எண் மாட்ட வரிசையில் நிற்கும் பகுதியை மட்டும் முதலில் எடுங்கள். குட்டி எப்படி வந்தது என்று அதிகாரி துருவுகிறார். கறுப்பாக இருப்பதே சந்தேகத்துக்கு இடமாகிறது. வரிசையில் நிற்பவர்களோ அரசைப் பற்றி வாய்திறக்கவே அஞ்சுகிறார்கள். என் பார்வையில் நாவலின் உயிர் அந்த வரிசையில் இருக்கிறது. அதட்ட ஆள் இல்லாதபோதும் அடங்கி நிற்கிறார்களே, ஏன்? ஒரு வகுப்பு முழுவதையும் இந்தக் கேள்விக்கே கொடுக்கலாம்.

உங்கள் மாணவர்கள் பலர் வீட்டுக் கட்டுத்தறியில் மாட்டின் காதில் மஞ்சள் வில்லையைப் பார்த்திருப்பார்கள். 12 இலக்க எண், தடுப்பூசி போட்ட கணக்குக்கு உதவுவது. “அப்படியானால் எண் போடுவதே தப்பா?” என்று ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். கேட்கட்டும். நன்மைக்கான பதிவேடு எந்த இடத்தில் பயமுறுத்தும் பதிவேடாகிறது என்று நாவலிலிருந்தே காட்டச் சொல்லுங்கள். எண்ணைவிட, எண்ணோடு சேர்ந்து வரும் விசாரணையையும் கிழவியின் பதற்றத்தையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

அதன்பிறகு எழுதச் சொல்லுங்கள். ‘பயம்’ என்ற ஒற்றைச் சொல்லை ஏற்காதீர்கள். ‘மக்கள் ஒருவரையொருவர் அடக்கிக்கொள்வதால் அரசுக்கு வேலை குறைகிறது’ என்பதுபோல் மறுத்துப் பேசக்கூடிய முழு வாக்கியம் வேண்டும். அதற்கு நாவலில் இரண்டு சான்று. அதோடு அந்த வாக்கியத்துக்கு ஒத்துவராத ஓர் இடம். மூன்றாவதுதான் கடினம், அதற்கே அதிக மதிப்பெண் கொடுங்கள்.

பெருமாள்முருகனின் முந்தைய நாவலான ‘மாதொருபாகன்’ சந்தித்த எதிர்ப்பு, 2015 ஜனவரியில் எழுத்தைக் கைவிடுவதாக ஆசிரியர் அறிவித்தது, 2016 ஜூலையில் வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவற்றைக் கடைசியில் சொல்லுங்கள். முதலிலேயே சொன்னால் நாவலை அவருடைய சொந்தக் கதையாகச் சுருக்கிவிடுவார்கள்.

ஆடுகளின் இணைசேர்க்கை பற்றிய பகுதிகளும் நூலில் உண்டு. முழுதாக வாசித்துவிட்டு வகுப்புக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள்.

ஒப்பிட, சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ நல்ல துணை. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அங்கே பிள்ளை பெறவும் ஜீவா என்ற ஆட்சியாளரின் அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். ஜீனோ என்ற இயந்திர நாய்க்காகவே பிள்ளைகள் விரும்பிப் படிப்பார்கள்.

இந்தப் பருவத்தில் இரண்டையும் முடிக்க அவசரப்பட வேண்டாம். வரிசைப் பகுதி ஒன்றையாவது மாணவர்களைவிட்டே உரக்க வாசிக்கச் செய்யுங்கள்.