படைநிலையத்தாரும் கலாசாலையாரும்: 1943-ஆம் ஆண்டுப் பந்தாட்டப் பருவம்

இரும்புலியூரின் வழியே நம் கலாசாலைக்கு வரும் மாணாக்கர், தலைக்குமேல் விமானப்படையின் பயிற்சி விமானங்கள் வட்டமிடக் கண்டு பழகியவர். 1937-ஆம் ஆண்டு தாம்பரத்திற்குக் குடிபுகுந்த நம் கலாசாலையும் தாம்பரத்து விமானப்படை நிலையமும் அண்டை அயலாய் இருப்பவை. ஆகலின், யுத்த காலத்தில் ஒரு படைநிலையம் பந்தாட்டக் குழு ஒன்றை அமைத்துக் கலாசாலைகளைப் போட்டிக்கு அழைத்தால் என்ன நேரும் என்னும் வினா நமக்கு அந்நியமானதன்று. அதற்கு விரிவாய் விடை தருவது ஐக்கிய அமெரிக்க நாட்டில் 1943-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு பந்தாட்டப் பருவமாகும். அதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அங்கு ஆடப்பெற்றது நாம் காலால் உதைத்தாடும் பந்தாட்டம் அன்று. பக்கத்திற்கு 11 பேராய் நின்று, இருமுனையும் கூரிய நீள்பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரியின் எல்லைக்கோட்டைக் கடத்தல் வேண்டும். கடந்தால் 6 புள்ளி; அதன்பின் பந்தைக் கம்பங்களினிடையே உதைத்துச் செலுத்தினால் மேலும் 1. இந்த ஒரு புள்ளியை வாசகர் மறவாதிருப்பாராக.

ஐயோவா சர்வகலாசாலையின் வளாகத்தில் 1942-ஆம் ஆண்டு அமெரிக்கக் கடற்படையார், விமானிகளாக வேண்டியவர்க்கு முதற்பயிற்சி அளிக்கும் பள்ளி ஒன்றை நிறுவினர். விமானம் ஏறுமுன் உடலும் உள்ளமும் உரம்பெற வேண்டும். அதற்குப் பந்தாட்டம் உற்ற துணை என்பது கடற்படை அதிகாரிகளின் துணிபு. 'ஸீஹாக்ஸ்', அஃதாவது கடற்பருந்துகள், என்பது அப்பள்ளிக் குழுவின் பெயர். 1943-இல் அதனைப் பயிற்றியவர் மிசூரி சர்வகலாசாலையில் ஆசானாயிருந்து படையிற் சேர்ந்த டான் பாராட். ஆடினவருள் வாஷிங்டன் குழுவின் டிக் டாட் முதலாய, பந்தாட்டத்தையே தொழிலாகக் கொண்டிருந்த ஆடவரும் இருந்தனர்.

அவர்களை எதிர்த்தவர் யார்? ஒஹாயோ மாநில சர்வகலாசாலையை எடுத்துக்கொள்வோம். 1942-இல் பத்திரிகையாளர் வாக்கெடுப்பில் நாட்டின் முதற்குழு எனப்பெற்றது அது. அடுத்த ஆண்டிலோ அவ்வாட்டக்காரரிற் பெரும்பாலோரைப் படை அழைத்துக்கொண்டது. எஞ்சியோர் பெரும்பாலும் 17 வயதுச் சிறுவர். இதில் மற்றொரு வேற்றுமையும் உண்டு. கலாசாலைகளில் தங்கிப் பயின்ற கடற்படை மாணாக்கர் அக்கலாசாலைகளின் சார்பில் ஆடலாம். தரைப்படை மாணாக்கர்க்கோ அவ்வனுமதி இல்லை. ஒஹாயோவில் இருந்தவர் தரைப்படையார். ஆதலின், எந்தப் படையார் தன் வளாகத்தில் தங்கினர் என்பதே ஒரு கலாசாலையின் வெற்றி தோல்விகளைப் பெரிதும் உறுதி செய்தது. ஸீஹாக்ஸ் ஒஹாயோவை 28-13 என வென்றனர். ஐயோவாவை 25-0 என்றும், மினசோட்டாவை 32-0 என்றும் வென்றனர். இவ்வெண்களைக் கொண்டு படைநிலையத்தார் கலாசாலையாரினும் ஆட்டத்தில் வல்லவர் என முடிவுகட்டுதல் பிழையாம் என்பது எமது அபிப்பிராயம். முதிர்ந்த ஆடவர் மீசை அரும்பாத பிள்ளைகளை வென்றனர் என்பதே அவை கூறுவன.

ஒத்த வலிமையுடையார் எதிர்நின்ற ஆட்டம் ஒன்றே ஒன்று. நவம்பர் 20-இல் அவர்கள் நாட்டர் டேம் என்னும் கத்தோலிக்க சர்வகலாசாலையைச் சந்தித்தனர். அங்குக் கடற்படை மாணாக்கர் நிறைந்திருந்தனர். ஆயினும் அக்குழுவின் தலைசிறந்த ஆட்டக்காரரான ஏஞ்செலோ பெர்டெல்லி 6 ஆட்டங்களோடு படைக்குச் சென்றுவிட, 18 வயது ஜானி லூஜாக் அவரிடத்தை ஏற்றிருந்தார். இருபாலாரும் இருமுறை எல்லைக்கோட்டைக் கடந்தனர். நாட்டர் டேம் இரு உதைகளிலும் புள்ளி பெற்றது; ஸீஹாக்ஸ் ஒன்றில் தவறினர். முடிவு 14-13. ஒரு வாரம் கழித்து, கிரேட் லேக்ஸ் என்னும் மற்றொரு கடற்படை நிலையத்தார் இறுதி நிமிடத்தில் எறிந்த பந்தினால் நாட்டர் டேமை 19-14 என வீழ்த்தினர். எனினும் வாக்கெடுப்பில் முதலிடம் நாட்டர் டேமிற்கே. ஸீஹாக்ஸ் 9 வெற்றியும் 1 தோல்வியுமாய் இரண்டாமிடம் பெற்றனர்.

நம் நாட்டில் நிலைமை வேறு. 1888-இல் தொடங்கிய டூராண்ட் கோப்பையை நெடுங்காலம் ஆங்கிலப் பட்டாளத்தாரே கைக்கொண்டிருந்தனர். 1940-இல் முகமதன் ஸ்போர்ட்டிங் குழுவினர் டில்லியில் ராயல் வார்விக்ஷயர் பட்டாளத்தை 2-1 என வென்றபோதுதான் அஃது ஓர் இந்தியக் குழுவின் கையில் முதன்முறை சேர்ந்தது. இங்கே பட்டாளத்தாரை வெல்லுதல் ஆட்டத்திற்கு அப்பாலும் பொருளுடைத்தாயிருந்தது. அமெரிக்காவிலோ இரு பக்கத்தாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

அவ்வுறவின் துயரம் ஐயோவாவில் நன்கு விளங்கும். அச்சர்வகலாசாலையின் நைல் கின்னிக் 1939-இல் நாட்டின் சிறந்த ஆட்டக்காரருக்குரிய ஹைஸ்மன் பரிசைப் பெற்றவர். கடற்படை விமானியாகி, 1943 ஜூன் 2-ஆம் நாள் வெனிசுவேலாக் கரையருகே பயிற்சிப் பறப்பின்போது விமானம் கடலில் வீழ, 24 வயதில் மாண்டார், உடலும் கிடைத்திலது. அவர் ஆடிய அரங்கிலேயே, சில திங்களுக்குள், அவர் சேர்ந்திருந்த கடற்படையின் குழு அவர் பயின்ற சர்வகலாசாலையின் குழுவை வென்றது. 1972-இல் அவ்வரங்கிற்கு அவர் பெயரே சூட்டப்பெற்றது.

அப்பருவத்தில் வென்ற புள்ளிகளினும் நெடிது வாழ்ந்தது ஓர் ஆட்டமுறை. முன்னணி வீரரை இடைவெளி விட்டு நிறுத்தி, பந்தைப் பெற்றவர் அவ்வரிசையோடு ஓடி, எதிரியின் கடைவீரர் எப்பக்கம் பாய்கின்றார் எனக் கண்டு, தாமே புகுதலோ பிறர்க்கு வீசுதலோ செய்யும் முறை அது. பாராட் அதனை 1941-இல் மிசூரியில் வகுத்தார். ஐயோவாவில் அவர்க்குத் துணையாசிரியராய் அமர்ந்த ஜிம் டேட்டம், பட் வில்கின்சன் ஆகிய இருவரும் அதனை அருகிருந்து கற்றனர். யுத்தம் முடிந்தபின் இருவரும் ஒக்லஹோமா சென்றனர். டேட்டம் 1946-இலும், வில்கின்சன் 1947 முதலும் அங்குத் தலைமை ஏற்றனர். வில்கின்சனின் குழு 1953 முதல் 1957 வரை இடையறாது 47 ஆட்டங்களை வென்றது. மிசூரிக்குத் திரும்பிய பாராட், 1956-இல் பயிற்றுந்தொழிலை விடுமளவும், தம் மாணாக்கரின் ஒக்லஹோமாவை ஒருமுறையேனும் வென்றாரில்லை.