எந்த வண்டியை நிறுத்திவிட்டு எந்த சைக்கிள்?

சைக்கிள் கடைக்குப் போனதும் முதலில் எழும் கேள்வி, கியர் வைத்ததா, சாதாவா என்பதுதான். அதற்கு முன்னால் வீட்டிலேயே ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். வரப்போகும் சைக்கிள் எதை நிறுத்திவைக்கப் போகிறது? காரையா, ஸ்கூட்டரையா, பஸ் பயணத்தையா? எவ்வளவு செலவு செய்யலாம் என்பதும் எந்த ரகம் சரி என்பதும் இந்த ஒரு பதிலில் இருக்கிறது.

வேலையிடம் 8 கிலோமீட்டர் தூரம் என்று வையுங்கள். போக வர 16. மாதம் 25 நாளுக்கு 400 கிலோமீட்டர். நகர நெரிசலில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கும் கார் இதற்கு 33 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். 45 கொடுக்கும் ஸ்கூட்டருக்கு 9 லிட்டர் போதும். லிட்டர் நூறு ரூபாய் என்று முழுசாக வைத்துக்கொண்டால், காரை நிறுத்துகிறவருக்கு மாதம் 3,300 ரூபாய் மிச்சம். ஸ்கூட்டரை நிறுத்துகிறவருக்கு 900தான். தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் கட்டணமில்லாமல் போய்வரும் பெண்களுக்குப் பண மிச்சம் எதுவுமில்லை. அவர்களுக்கு சைக்கிள் தருவது நேரமும் நினைத்தபோது கிளம்பும் வசதியும்தான்.

இனி விலைக்கு வருவோம். சாதா சைக்கிள் ஏழாயிரம் ரூபாய் என்றால், ஸ்கூட்டரை நிறுத்தியவருக்கு எட்டு மாதத்தில் முதல் திரும்பிவிடும். முப்பதாயிரம் ரூபாய்க்கு மின்சார சைக்கிள் வாங்கினால் அதே ஆளுக்கு ஏறக்குறைய மூன்று வருடம் ஆகும். அதற்குள் பேட்டரி தளர ஆரம்பித்து, மாற்றும் செலவு வந்து நிற்கும். காரை நிறுத்துகிறவருக்கோ அந்த முப்பதாயிரமும் பத்து மாதத்துக்குள் கைக்கு வந்துவிடுகிறது. ஆகவே என் தீர்ப்பு இது: பணத்துக்காக ஸ்கூட்டரை விடுகிறவர் மின்சார சைக்கிள் பக்கம் போக வேண்டாம். காரை விடுகிறவர் தயங்காமல் வாங்கலாம்.

மின்சார சைக்கிளைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். கிலோமீட்டருக்குச் சுமார் 12 வாட்-மணி மின்சாரம்தான் அதற்குத் தேவை. மேலே சொன்ன 400 கிலோமீட்டருக்கு ஐந்து யூனிட். நம் வீடுகளில் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்பதால் பலருக்கு இது பில்லில் தெரியவே தெரியாது. மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் ஓட்டுநர் உரிமமோ பதிவோ வேண்டியதில்லை. மூட்டுவலி உள்ளவர்கள், ஐம்பதைத் தாண்டி மறுபடி ஓட்ட நினைப்பவர்கள், வியர்வையோடு அலுவலகத்துக்குள் நுழைய முடியாதவர்கள், இவர்களுக்குப் பணக்கணக்கைத் தாண்டியும் இது நல்ல துணை. பேட்டரியைத் தனியே கழற்றி வீட்டுக்குள் எடுத்துப்போய்ச் சார்ஜ் போடும்படி உள்ளதையே வாங்குங்கள். மாடிவீட்டுக்காரர்கள் இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டுத் திண்டாடுகிறார்கள்.

பணத்தை விட எரிசக்தியில்தான் வித்தியாசம் திகைக்க வைக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 7,700 கிலோகலோரி இருக்கிறது. அப்படியானால் கார் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 640 கிலோகலோரியை எரிக்கிறது, ஸ்கூட்டர் 170. நிதானமாக மிதிக்கிறவருக்கு 25 அளவில் போதும். ஓர் இட்லி இரண்டு கிலோமீட்டர் கொண்டுபோய்விடும். காரில் எரிவதில் பெரும்பகுதி வெறும் சூடாகப் போகிறது. மிஞ்சுகிற கொஞ்சமும் ஓர் ஆளைச் சுமக்க ஒரு டன் இரும்பை நகர்த்துவதில் கழிகிறது. அதிலும் எஞ்சின் சூடாகாத முதல் இரண்டு மூன்று கிலோமீட்டரில் பெட்ரோல் கூடுதலாகவே செலவாகும். பால், காய்கறி, மருந்துக்கடை, டியூஷன் என்று தெருமுனை வேலைகளுக்கு வண்டியை எடுப்பதுதான் மிக மோசமான எரிப்பு. முதலில் விட வேண்டியதும் அதைத்தான்.

இப்போது சாதாவா, கியரா? சென்னை, தஞ்சாவூர், நாகப்பட்டினம் போன்ற சமதள ஊர்களில் சாதா சைக்கிளே போதும். மட்கார்டு, செயின் கவர், கேரியர், ஸ்டாண்டு எல்லாம் கூடவே வரும். எந்த மரத்தடிப் பஞ்சர் கடையிலும் கோட்டம் எடுத்து, பால்ரஸ் மாற்றித் தந்துவிடுவார்கள். மேம்பாலங்கள் அதிகமுள்ள வழியிலும், ஆடிக்காற்று எதிரே நின்று தள்ளும் பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டை, ஆரல்வாய்மொழிப் பக்கங்களிலும் கியர் நிஜமாகவே உதவும். பின்னால் ஏழு கியர் இருந்தால் தாராளம். மெல்லிய, வழுவழுப்பான டயர் உள்ளதாகப் பாருங்கள்.

இளைஞர்கள் ஆசைப்படும் தடித்த டயர், முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த மலைச் சைக்கிளை வேலைக்குப் போய்வர நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை ஸ்பிரிங் விழுங்கும், முள்டயர் தார்ச்சாலையில் இழுக்கும், மழையில் முதுகெல்லாம் சேறு. சில வாரங்களில் அது மாடிப்படிக்கு அடியில் போய்விடுகிறது. ஓட்டாத சைக்கிள் ஒரு சொட்டுப் பெட்ரோலையும் மிச்சப்படுத்தாது.

வீட்டுக்கு ஒன்றுதான் என்றால் நடுவில் பார் இல்லாத சைக்கிளே சரி. சேலை கட்டியவர், வேட்டி கட்டியவர், பிள்ளைகள் எல்லோரும் ஏறலாம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பெண்கள் சைக்கிளுக்குக் காத்திருக்க முடியாமல் பலர் ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். வாகனம் கைக்கு வந்ததும் பஸ்ஸுக்கும் வீட்டு ஆண்களுக்கும் காத்திருப்பது குறைந்தது. இன்று கடையில் பார் இல்லாதது தாராளமாகக் கிடைக்கும்போது வேறு எதற்கு?

எதை வாங்கினாலும் சீட்டின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் இலேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். இரண்டு காலும் தரையில் முழுதாக ஊன்றும்படி தாழ்த்தி வைப்பதால்தான் பலருக்கு முட்டி வலிக்கிறது. வாரம் ஒருமுறை காற்றடியுங்கள். பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் கட்டுங்கள், பாதி வியர்வை அங்கேயே குறையும். பின்னால் சிவப்பு விளக்கில்லாமல் இருட்டில் இறங்காதீர்கள்.

சைக்கிள் வேண்டாம் என்று சொல்லும் இடமும் உண்டு. லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலையைத் தவிர வேறு வழியே இல்லையென்றால் முழுத் தூரத்தையும் மிதிக்க வேண்டாம். ரயில் நிலையம்வரை சைக்கிள், ஸ்டாண்டில் மாதப் பாஸ், அங்கிருந்து ரயில் என்பது நல்ல ஏற்பாடு.

கடைசியாக, கடைக்குக் கிளம்புமுன் வீட்டுக்குள் ஒருமுறை பாருங்கள். பிளஸ் ஒன் படிக்கும்போது பிள்ளைக்கு அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி துருப்பிடித்து நிற்கிறதா? ஃபிரேமில் விரிசல் இல்லையென்றால், இரண்டு டயர், ட்யூப் மாற்றி ஓவராயில் செய்து அதையே ஓட்டுங்கள். அதைவிடச் சீக்கிரம் முதல் திரும்பும் சைக்கிள் எந்தக் கடையிலும் இல்லை.