ஒலிப்பதிவு அறையும் துணிப்போர்வையும்

ஓசையைப் பதிந்து வைக்கும் கலை முற்காலத்தில் பெருநகரங்களுக்கே உரியதாயிருந்தது. சென்னையில் 1938-ம் ஆண்டிலும் திருச்சிராப்பள்ளியில் 1939-ம் ஆண்டிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் தொடங்கப்பெற்ற காலத்தில், பாட்டும் பேச்சும் தெளிவுறப் பதியும் அறையை அமைத்தல் வல்லுநர் வேலையாகவே இருந்தது. இந்நாளிலோ ஒரு கணினியும் ஒரு மைக்கும் உடையவர் தம் இல்லத்திலேயே பாடத்தையும் பாடலையும் பதிந்துகொள்கின்றனர். அவர்களுட் சிலர் வெறுஞ்சுவரின் தோற்றத்தை மாற்றி அழகு செய்யக் கருதித் துணி போர்த்துகின்றனர். அத்துணி கண்ணுக்கு மட்டுமன்று, காதுக்கும் உயிருக்கும் பொறுப்புடையது. விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் வாழும் நமக்கு இவ்வுண்மை மிகவும் வேண்டுவதாகலின், அதனை ஈண்டு முறையே ஆராய்வாம்.

1. முழக்கத்தின் இயல்பு

நாம் பேசும் ஓசை வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் விரைவிற் சென்று சுவரில் மோதித் திரும்புகின்றது. சிமெண்டு பூசிய சுவர் தன்மேற் பட்ட ஓசையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கையே உட்கொள்ளும். எஞ்சியது சுவர்களிடையே அலைந்து சொல்லோடு சொல்லைக் குழப்பும். அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபம் ஒன்றில் ஒரு சொல் ஐந்தரை வினாடியளவு ஒலித்துக்கொண்டேயிருந்தமையால் பாடம் விளங்கவில்லை. வாலஸ் சபைன் என்னும் இளம் ஆசிரியர் 1895-ம் ஆண்டு முதல் அக்குறையை ஆராய்ந்தார். அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுதோறும் கொணர்ந்து பரப்பி, மெத்தை மிகுந்தோறும் முழக்கம் குறைதலை அளந்தார். அறையின் கன அளவை 0.161-ஆற் பெருக்கி, ஓசையை உண்ணும் பரப்பால் வகுத்தால் முழக்க நேரம் கிடைக்கும் என்பது அவ்வாராய்ச்சியின் பயனாகிய விதி.

உதாரணமாக, 4 மீட்டர் நீளமும், 3 மீட்டர் அகலமும், 3 மீட்டர் உயரமும் உள்ள அறையின் கன அளவு 36. வெறுமையாயிருக்கும்போது அதன் உண்ணும் பரப்பு சுமார் 2 சதுர மீட்டரே. ஆகவே முழக்கம் ஏறக்குறைய 3 வினாடி. அதனை 0.4 வினாடியாகக் குறைக்க வேண்டின் உண்ணும் பரப்பு 14½ சதுர மீட்டராதல் வேண்டும்.

2. துணியால் ஆவதும் ஆகாததும்

சுவரோடு ஒட்டி ஒரு துணியை அறைந்துவிட்டால் இக்கணக்கு நிறைவேறுமோ எனின், நிறைவேறாது. வினாடிக்கு 1000 அதிர்வுடைய ஓசையின் அலை 34 செண்டிமீட்டர் நீளமுடையது. 100 அதிர்வுடையதோ 3.4 மீட்டர். மெல்லிய துணி கூரிய ஓசையை மட்டும் விழுங்கி, தாழ்ந்த ஓசையை அவ்வாறே விட்டுவிடும். ஸகரமும் சகரமும் மங்க, ஆடவர் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோற் கேட்கும்.

அன்றியும், அச்சு இயந்திரத்தின் இரைச்சலையும் வெடியின் அதிர்ச்சியையும் துணி தடுக்குமென்று நம்புதல் வீண். வெளியோசையைத் தடுப்பன கனத்த சுவரும், இடுக்கின்றி மூடும் கதவுமேயாம். துணியின் தொழில் உள்ளோசையை அடக்கும் பொருளுக்கு மேலாடையாதல்.

3. சட்டம் அமைக்கும் முறை

நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் நாலங்குலக் கனமும் உள்ள மரச்சட்டம் செய்து, அதனுள்ளே பாறைப்பஞ்சுப் பலகையை வைத்தல் வேண்டும். அதனைக் கையாளுங்கால் கையுறையும் முகக்கவசமும் அணிதல் நலம். பஞ்சின் தூசி வெளிப்படாதவாறு முதலில் மெல்லிய உள்துணி போர்த்துக. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் மருத்துவக் கட்டுத்துணி போன்ற நெருக்கமில்லா நெசவு இதற்கு ஏற்றது. அதன்மேல் அழகுத்துணியை வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் நடுவிலிருந்து மூலையை நோக்கி இழுத்துப் பின்புறத்தே ஆணியிடுக. இழையின் வரி சட்டத்தின் விளிம்புக்கு இணையாக நிற்றல் வேண்டும். கோணினால் எத்துணை விலையுயர்ந்த துணியும் அழகு தராது.

மேற்கூறிய அறைக்கு இத்தகைய சட்டம் ஏறத்தாழ 17 வேண்டும். பேசுவோனைச் சூழ்ந்த சுவர்களிலும், தலைக்கு மேலும், மூலைகளிலும் இவற்றைப் பகிர்ந்து வைக்கலாம். சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே நாலங்குலம் வெளிவிட்டால், தாழ்ந்த ஓசையும் ஓரளவு அடங்கும்.

4. துணித் தேர்வு

துணியை வாயருகே பிடித்து ஊதிப் பார்க்க. மூச்சு எளிதில் ஊடுருவின் ஓசையும் ஊடுருவும். ரெக்ஸினும், பின்புறம் ரப்பர் பூசிய திரைத்துணியும் மூச்சைத் தடுப்பனவாதலின் ஆகா. அருப்புக்கோட்டைக் கைத்தறிப் பருத்தித் துணி பெரும்பாலும் இச்சோதனையில் தேறும். பருத்தியை முன்னரே நனைத்து உலர்த்திச் சுருக்கம் போக்கிக்கொள்ளுதல் நன்று. நம் பக்கத்துக் கரிசற் புழுதியை எண்ணி, வெண்மையை விலக்கி மண்நிறம், நீலம் முதலியவற்றைக் கொள்ளுக.

5. தீயின் அச்சம்

இதுகாறும் கூறியவற்றினும் முதன்மையானது இது. அமெரிக்க நாட்டு ரோட் தீவு மாநிலத்தில் 2003-ம் ஆண்டு பிப்ரவரி 20-ம் நாள் இசைநிகழ்ச்சி ஒன்றில் கொளுத்திய வாணத்தின் பொறி, ஓசையை அடக்கச் சுவரில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சிற் பற்றியது. சில நிமிடங்களில் கட்டிடம் முழுதும் எரிந்து 100 பேர் மாண்டனர். பிரேசில் நாட்டுச் சாந்தா மரியா நகரில் 2013-ம் ஆண்டு ஜனவரி 27-ம் நாள் அவ்வாறே நேர்ந்து 242 பேர் உயிரிழந்தனர். இரண்டிடத்தும் பொறியைத் தந்தது வாணம். அதனைப் பெருந்தீயாக்கி நச்சுப்புகை பரப்பியது சுவரிலும் கூரையிலும் இருந்த நுரை. வாணத் தொழிலை அறிந்த நமக்கு ஒரு பொறியின் ஆற்றலைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஆதலின், சாதாரண நுரைப்பஞ்சையும் இலவம்பஞ்சையும் சுவரில் நிரப்புதல் கூடாது. பாறைப்பஞ்சு தீப்பற்றாது. பருத்தித் துணியையோ, 7 பங்கு வெண்காரமும் 3 பங்கு போரிக் அமிலமும் 100 பங்கு வெந்நீரிற் கரைத்து, அதில் தோய்த்து உலர்த்தினால் சுடர்விட்டு எரிதல் பெரிதும் குறையும். துவைத்தால் அம்மருந்து நீங்குமாதலின் மீண்டும் தோய்த்தல் வேண்டும். மின்கம்பியைத் துணிக்குப் பின்னே மறைத்தலும், சூடேறும் விளக்கைச் சட்டத்தருகே வைத்தலும் தவறு. கதவின் வழியை எப்பொருளும் அடைத்தலாகாது.

மாணவர்காள்! உள்ளிருப்பது ஓசையை உண்பதாகவும், மேலிருப்பது மூச்சை விடுவதாகவும், இரண்டும் தீக்கு இரையாகாதனவாகவும் இருத்தல் வேண்டும். இம்மூன்றும் அமைந்தபின் நிறத்தையும் கோலத்தையும் அவரவர் விருப்பப்படி தேர்ந்துகொள்ளுக. அத்தகைய அறையே காண்போர்க்கு இனிதாய், கேட்போர்க்குத் தெளிவாய், இருப்போர்க்குக் காவலாய் விளங்கும்.